பிரஷர் மாத்திரை போட்டதால்தான் அப்பாவுக்கு சுகர் ஏறியதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 54 வயது, ஹார்பரில் ஷிப்ட் வேலை. மூன்று வருடமாகக் காலையில் டெல்மிசார்டான் 40-உம் ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5-உம் சேர்ந்த ஒரு மாத்திரை, இரவில் மெட்டோபுரோலால் 50. மாத்திரை தொடங்கியபோது வெறும் வயிற்றில் 96 இருந்த சர்க்கரை இப்போது 118. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2. எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது. கூட வேலை செய்பவர் "பிரஷர் மாத்திர போட்டீனா சுகர் தானா வந்துரும்ணா" என்று சொல்லப்போக, அப்பா பத்து நாளாக இரண்டையும் நிறுத்திவிட்டார். நேற்று பார்த்தபோது பிரஷர் 168/100. மாத்திரையால்தான் சுகர் ஏறியதா, நிறுத்தியது சரியா, வேறு மாத்திரை உண்டா என்று மூன்று கேள்வி. கடைசி வரியில், அம்லோடிபின் சாப்பிடும் அம்மாவுக்கும் இந்தப் பயம் வேண்டுமா என்று இன்னொன்று.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி, அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்பதுதான் என்று நினைக்கிறேன். இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பொது மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் சாப்பிட்ட இரண்டு மாத்திரையிலுமே சர்க்கரையைக் கொஞ்சம் மேலே தள்ளக்கூடிய மருந்து இருக்கிறது. இதை மறைத்து, "அதெல்லாம் வதந்தி, சும்மா மாத்திரையைப் போடுங்க" என்று சொல்லும் மருத்துவரை அவர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை. ஆனால் நிறுத்தியது தவறு. அதிலும் மெட்டோபுரோலாலை ஒரே நாளில் நிறுத்தியது பெரிய தவறு. அதனால் முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்.

மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்துகளை நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால், அதுவரை அடங்கியிருந்த அட்ரினலின் வேகம் ஒரேயடியாக இதயத்தின் மேல் விழும். படபடப்பு வரும், பிரஷர் எகிறும். ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அதனால்தான் இந்த மருந்தை விடவேண்டுமானால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து விடுவார்கள். பத்து நாள் தாண்டிவிட்டார் என்பது ஓரளவு ஆறுதல். ஆனாலும் 168/100 என்பது அப்படியே விட்டுவைக்கும் எண் இல்லை. நாளைக்கே மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மறைத்தால், "இவ்வளவு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலையே" என்று டோஸைக் கூட்டிவிடுவார்கள். இதற்கு நடுவில் நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது என்று எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு.

இனி அவருடைய சந்தேகத்துக்கு வருகிறேன். பிரஷரும் சுகரும் தனித்தனி வியாதி, ஒன்றுக்குச் சாப்பிட்ட மருந்து இன்னொன்றைக் கொண்டுவந்துவிட்டது என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் பல சமயம் வேர் ஒன்றே. 1987-ல் இத்தாலிய ஆய்வாளர்கள், உடல் பருமனோ சுகரோ இல்லாத, பிரஷர் மட்டும் இருந்தவர்களைப் பரிசோதித்தபோது அவர்கள் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டினார்கள். அடுத்த வருடம் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர், பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு எல்லாம் ஒரே ஆளிடம் கூட்டாக வருவதற்குப் பின்னால் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். அப்பாவுக்கு அவர் தொழிலை வைத்தே இதைச் சொல்லலாம். கன்டெய்னர் லாரி வந்து நிற்கிறது, சரக்கும் இருக்கிறது, ஆனால் ஹார்பர் கேட்டில் ஒவ்வொரு வண்டியையும் உள்ளே விட நேரமாகிறது, வரிசை எண்ணூர் வரை நீள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை தேங்குவது இப்படித்தான். கேட்டைத் திறக்க வேண்டிய இன்சுலின் இருக்கிறது, தசை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. அப்படிக் கூடும் இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தங்கவைக்கிறது, நரம்புகளை முடுக்குகிறது. பிரஷர் ஏறுவதற்கு அதுவும் ஒரு வழி. ஆக, மூன்று வருடத்துக்கு முன்னால் பிரஷர் வந்தபோதே சுகருக்கான பாதையும் போடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பாதையில் மாத்திரைகள் என்ன செய்கின்றன என்பதுதான் அடுத்தது. முதலில் ஹைட்ரோகுளோரோதையசைட். இது சிறுநீரில் உப்பை வெளியேற்றி பிரஷரைக் குறைக்கும் தையசைட் வகை. குளோர்தாலிடோன், இன்டாபமைட் ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். உப்போடு பொட்டாசியமும் வெளியே போகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்குச் சர்க்கரை ஏறியதும் சட்டென்று இன்சுலினை விடுவதற்குப் பொட்டாசியம் சரியான அளவில் இருக்க வேண்டும். அது குறைந்தால் சுரப்பு மந்தமாகும். இது தவிர தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதும் சற்றுக் குறைகிறது. யூரிக் அமிலம் ஏறுவது, சிலருக்குக் கால் பெருவிரல் வீங்கி வலிப்பது, வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கித் தடுமாற்றம் வருவது ஆகியவையும் இதே மருந்தின் வேலைகள். மே மாத வெயிலில் திறந்த இடத்தில் நின்று வேலை செய்பவருக்கு இந்தக் கடைசி விஷயத்தை நான் தனியாகச் சொல்லி அனுப்புவேன்.

இதில் எல்லாமே டோஸைப் பொறுத்தது. இந்த மருந்து வந்த காலத்தில் 50, 100 மில்லிகிராம் என்று அள்ளிக் கொடுத்தார்கள், அதனால் பொட்டாசியம் நன்றாக இறங்கியது, சர்க்கரையும் ஏறியது. 12.5-ல் அந்த விளைவு மிகவும் குறைவு. கூடவே டெல்மிசார்டான் இருக்கிறது, அது பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மருந்து. அதனால் உங்கள் அப்பாவின் காலை மாத்திரையில் ஒன்றின் கெடுதலை இன்னொன்று ஓரளவு ஈடுகட்டுகிறது.

ஆனால் நம் பக்கத்துச் சாப்பாடு இந்த ஈட்டைக் கெடுத்துவிடும், இதை விவரமாகவே சொல்லவேண்டும். தையசைட் சாப்பிடுபவர் உப்பைக் கூட்டினால், சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதிக்கு அதிக சோடியம் போய்ச் சேரும். அங்கே சோடியத்தை உள்ளே இழுக்கும்போது அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் வெளியே தள்ளப்படும். உப்பு கூடக் கூடப் பொட்டாசியம் நஷ்டமும் கூடும். அதே உப்பு டெல்மிசார்டானின் பிரஷர் குறைக்கும் திறனையும் மழுங்கடிக்கும். காசிமேட்டு மீன் உடம்புக்கு நல்லதுதான், கருவாடு வேறு கணக்கு. கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், ஷிப்ட் முடிந்து பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) என்று ஒரே நாளில் எல்லாம் சேர்ந்தால், காலையில் போட்ட மாத்திரை நன்மையைக் குறைவாகவும் தீமையை அதிகமாகவும் செய்யும். "மாத்திர போட்டும் பிரஷர் குறையல, சுகரும் ஏறுது" என்று என்னிடம் வருபவர்களில் பலரிடம் முதலில் நான் விசாரிப்பது கருவாட்டையும் ஊறுகாயையும்தான்.

அடுத்தது மெட்டோபுரோலால். எனக்கு இதன் மேல்தான் சந்தேகம் அதிகம். பழைய தலைமுறை பீட்டா பிளாக்கர்கள் தசைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சற்றுக் குறைக்கின்றன. சர்க்கரை அங்கே போய்த்தானே எரிய வேண்டும்? சாப்பிட்டவுடன் கணையம் விடும் முதல் அலை இன்சுலினையும் மட்டுப்படுத்துகின்றன. உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியும் குறைகிறது. ஆளுக்கு ஒரு சோர்வு வருகிறது, மாடிப்படி ஏறவே யோசிக்கிறார், நடை குறைகிறது. இந்த மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது அப்பாவின் நான்கு கிலோவில் ஒரு பங்கை இந்த மாத்திரையின் தலையில் போடலாம், முழுவதையும் போட முடியாது. டிரைகிளிசரைடு ஏறுவதும் நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் சற்று இறங்குவதும் உண்டு.

ஒரே வகை என்றாலும் எல்லா பீட்டா பிளாக்கரும் ஒன்று போலச் செய்வதில்லை. கார்வெடிலாலையும் மெட்டோபுரோலாலையும் சுகரும் பிரஷரும் உள்ளவர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2004-ல் வந்தது. மெட்டோபுரோலால் சாப்பிட்டவர்களுக்கு ஹெச்பிஏ1சி 0.15 கூடியது, கார்வெடிலால் சாப்பிட்டவர்களுக்கு மாறவில்லை. கார்வெடிலாலும் நெபிவோலாலும் ரத்தக்குழாயை விரிக்கும் தன்மை உள்ளவை, தசைக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதில்லை. 0.15 என்பது சின்ன எண்தான், அதையும் கவனியுங்கள். 5.6-ல் இருப்பவரை 6.2-க்குத் தூக்கும் அளவுக்கு அது பெரிதில்லை.

டெல்மிசார்டான், லோசார்டான் போன்றவையும் எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவையும் எதிர்த் திசையில் வேலை செய்கின்றன. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக்குழாயைச் சுருக்குவதோடு, செல்லுக்குள் இன்சுலின் அனுப்பும் கட்டளையையும் குழப்புகிறது. இந்த மருந்துகள் அதை அடக்குவதால் சர்க்கரைக்குக் கொஞ்சம் நல்லதே நடக்கிறது. சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத்தைக் காப்பதும் இவைதான். அம்லோடிபின் இந்த விஷயத்தில் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணாகப் பார்க்காமல் பேசினால் பயம்தான் மிஞ்சும். ஆல்ஹாட் என்று 2002-ல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தொடக்கத்தில் சுகர் இல்லாதவர்களில், நான்கு வருடத்தில் குளோர்தாலிடோன் சாப்பிட்டவர்களில் 100-க்கு 11.6 பேருக்கு, அம்லோடிபின் குழுவில் 9.8 பேருக்கு, லிசினோப்ரில் குழுவில் 8.1 பேருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நோய் அளவைத் தொட்டது. இந்த மூன்று எண்ணையும் அப்பாவிடம் காட்டுங்கள். மிகக் குறைவான குழுவிலேயே நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வந்திருக்கிறது, அது அவர்களுக்கு எப்படியும் வந்திருக்கும். மாத்திரைத் தேர்வால் கூடியது நூற்றுக்கு மூன்றரைப் பேர். அந்த ஆய்வில் சராசரி வயது 67, குளோர்தாலிடோன் டோஸ் 12.5 முதல் 25 வரை. அதுவும் அப்பா சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதையசைட் 12.5-ஐவிட வலுவானது. அதே ஆய்வில் மாரடைப்பைத் தடுப்பதில் மூன்று மருந்தும் சமமாக நின்றன, இதயம் பலவீனமாவதைத் தடுப்பதில் குளோர்தாலிடோன் மற்ற இரண்டையும் முந்தியது. சர்க்கரையை ஏற்றுகிறது என்று குற்றம் சாட்டப்படும் மருந்துதான் இதயத்தை நன்றாகக் காத்தது.

2021-ல் லான்செட் இதழில் பல ஆய்வுகளின் நோயாளித் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய கணக்கீடு வந்தது. மேல் எண்ணை 5 புள்ளி குறைத்தாலே புதிதாகச் சுகர் வரும் வாய்ப்பு 11 சதவீதம் குறைகிறது என்றது அது. பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதே சுகருக்குத் தடுப்பு என்பது அதன் பொருள். மருந்து வாரியாகப் பார்த்தபோது டெல்மிசார்டான் வகையும் ராமிப்ரில் வகையும் அந்த வாய்ப்பை ஏறக்குறைய 16 சதவீதம் குறைத்தன. அம்லோடிபின் வகையால் மாற்றம் இல்லை. தையசைட் ஏறக்குறைய 20 சதவீதம் கூட்டியது. பீட்டா பிளாக்கர் ஏறக்குறைய 48 சதவீதம் கூட்டியது. இந்தச் சதவீதங்கள் ஒப்பீட்டுச் சதவீதங்கள். நூற்றில் 48 பேருக்குச் சுகர் வரும் என்று யாராவது படித்துச் சொன்னால் அது தவறான வாசிப்பு. பத்துப் பேருக்கு வரவேண்டிய இடத்தில் பதினைந்து பேருக்கு வரும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி உறுதியில்லாதவை. டெல்மிசார்டான் மற்ற சார்டான்களைவிடச் சர்க்கரைக்குத் தனிச் சிறப்பு என்று மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் பேசுவதுண்டு. ஆய்வுக்கூடத்தில் அதற்கு அடிப்படை இருக்கிறது. பெரிய மனித ஆய்வுகளில் அந்தச் சிறப்பு தெளிவாக நிற்கவில்லை. இந்த வகை மருந்துகளைச் சுகரைத் தடுப்பதற்கென்றே கொடுத்தாலும் பலன் பெரிதாக இல்லை. 2006-ல் ராமிப்ரிலை வைத்துச் செய்த ஆய்வில் சுகர் வருவது கணிசமாகக் குறையவில்லை. 2010-ல் வால்சார்டானை வைத்துச் செய்த ஆய்வில் 14 சதவீதம் குறைந்தது, ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. தையசைடால் ஏறிய சர்க்கரை, தானாக வந்த சர்க்கரை அளவுக்குக் கெடுதலா என்பதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குளோர்தாலிடோன் சாப்பிட்ட முதியவர்களைப் பதினான்கு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு, மருந்தின்போது சுகர் வந்தவர்களுக்கு இதய மரணம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றது. வேறு சில ஆய்வுகள் ஆபத்து கூடுகிறது என்றன. பொட்டாசியத்தைச் சரிசெய்தால் சர்க்கரை முழுவதும் இறங்குமா என்பதும் அப்படித்தான். ஆனால் 2015-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஹைட்ரோகுளோரோதையசைட் டோஸைப் பாதியாக்கி, பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் அமிலோரைடைச் சேர்த்துக் கொடுத்தபோது சர்க்கரை ஏறவில்லை, பிரஷரும் இன்னும் நன்றாக இறங்கியது.

அப்பாவைப் பரிசோதிக்காமல் இந்த மாத்திரையை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள் என்று நான் எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று சொல்ல முடியும். முதல் கேள்வி, மெட்டோபுரோலால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது. அப்பாவுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ அந்த மருந்து உயிரைக் காக்கும் மருந்து. அப்போது ஹெச்பிஏ1சியில் ஒரு சின்ன ஏற்றத்துக்காக அதைக் கைவிடுவது நஷ்டம், வேண்டுமானால் கார்வெடிலால் அல்லது நெபிவோலாலுக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். வெறும் பிரஷருக்காக மட்டும் கொடுத்திருந்தால், 54 வயதில், சுகரின் வாசலில் நிற்பவருக்கு அது முதல் தேர்வாக இருக்கத் தேவையில்லை. டெல்மிசார்டானோடு அம்லோடிபின் சேர்ப்பதே பெரும்பாலான மருத்துவர்கள் யோசிக்கும் மாற்று. அது போதாதபோது சின்ன டோஸ் தையசைட் மூன்றாவதாக வரலாம், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. என் கையில் வருபவர்களுக்கு நான் பின்பற்றும் வரிசையும் இதுதான்.

சர்க்கரை நோய் ஏற்கெனவே வந்துவிட்டவருக்குக்கூடப் பிரஷரைக் குறைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1998-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று போதும். சர்க்கரை நோயாளிகளில் ஒரு குழுவுக்குச் சராசரி 154/87, இன்னொரு குழுவுக்கு 144/82. இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் பக்கவாதம் 44 சதவீதமும், சர்க்கரை நோய் சார்ந்த மரணம் 32 சதவீதமும் குறைந்தன. பிரஷரை அதிகம் குறைத்த குழுவில் ஒரு பாதிக்கு கேப்டோப்ரிலும் மறுபாதிக்கு அட்டெனோலாலும் கொடுத்திருந்தார்கள். அட்டெனோலால் சாப்பிட்டவர்களுக்கு எடை அதிகம் கூடியது, சர்க்கரை மாத்திரையும் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஆனாலும் முடிவில் இரண்டு மருந்தும் ஒரே அளவுக்குக் காப்பாற்றின. சர்க்கரைக்கு ஆகாத மருந்து போட்டவர்களும் பிரஷர் குறைந்ததால் தப்பித்தார்கள். அப்பா நிறுத்தியபோது கைவிட்டது இந்தப் பாதுகாப்பைத்தான்.

மாத்திரையைத் தாண்டி வேறு எதெல்லாம் சர்க்கரையை ஏற்றியிருக்கலாம் என்றும் பாருங்கள். மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ எங்கேயாவது ஊசி போட்டுக்கொண்டாரா? பெயர் தெரியாத பொட்டலப் பொடி சாப்பிடுகிறாரா? அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் எந்த பிரஷர் மாத்திரையைவிடவும் வேகமாகச் சர்க்கரையை ஏற்றும், பிரஷரையும் ஏற்றும். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரையும் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் தேவைப்படுபவருக்கு அதன் நன்மை பல மடங்கு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். இரவு ஷிப்ட், பகலில் துண்டு துண்டான தூக்கம் இரண்டுமே இன்சுலின் வேலையைக் கெடுக்கும். உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று அம்மாவைக் கேளுங்கள். அந்தத் தூக்க மூச்சுத்தடை இருந்தால் பிரஷர், சுகர், எடை மூன்றையும் ஒன்றாக ஏற்றும், சிகிச்சையும் தனி.

இந்த 118, 6.2 இரண்டுமே இன்னும் எல்லைக்கோட்டில்தான் இருக்கின்றன. வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5 தொட்டால்தான் சர்க்கரை நோய் என்று சொல்வோம். இந்த நிலையில் இருப்பவர்கள் என்ன செய்தால் தப்பலாம் என்பதற்கு நம் சென்னையிலேயே செய்த ஆய்வு இருக்கிறது, முடிவு 2006-ல் வந்தது. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர். சும்மா விட்ட குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்தவர்களில் அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதே. ஆல்ஹாட்டோடு இதை நேராக ஒப்பிடக்கூடாது, ஆட்களும் வயதும் வேறு. ஆனாலும் அங்கே மாத்திரையை மாற்றினால் கிடைப்பது நூற்றுக்கு மூன்றரை, இங்கே நடந்தால் கிடைப்பது நூற்றுக்குப் பதினாறு. இந்த இரண்டு எண்ணும் என் மேஜையில் நான் அடிக்கடி எழுதிக் காட்டுபவை. ராயபுரத்தில் 1954-ல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய ஆஸ்பத்திரி பின்னால் சர்க்கரை நோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரியாக மாறிய ஊர் இது. இங்கே இருந்துகொண்டு இந்த விஷயம் நம் வீடுகளுக்குள் போய்ச் சேரவில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அதனால் அப்பாவுக்குத் தினம் அரைமணி நேர நடை வேண்டும். ராபின்சன் பூங்காவோ, தெருவோ, எது கைக்கு எட்டுகிறதோ அது. பீட்டா பிளாக்கர் தொடர்ந்தால் எவ்வளவு நடந்தாலும் நாடித்துடிப்பு பெரிதாக ஏறாது, கையில் கட்டும் வாட்ச் காட்டும் எண்ணைப் பார்த்து "ஒண்ணும் ஆவல" என்று நினைக்க வேண்டாம். பேச முடிகிற, பாட முடியாத வேகத்தில் நடந்தால் சரியான வேகம். பின்னால் எப்போதாவது கிளிமிப்ரைடு போன்ற சுகர் மாத்திரை தொடங்கினால் இன்னொரு விஷயம் நினைவில் இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் பீட்டா பிளாக்கர் மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் எச்சரிக்கையாக வரும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள். நம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் எச் என்று இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைட், சிடி என்றால் குளோர்தாலிடோன், ஏஎம் என்றால் அம்லோடிபின், ஏடி என்றால் அட்டெனோலால். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து உறுதிசெய்யுங்கள். கடையில் "அதே மாதிரிதான் இது" என்று வேறு அட்டை கொடுத்தால் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின், கொழுப்பு, சிறுநீரில் ஆல்புமின் ஆகியவை இந்த வருடம் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் தையசைட்டின் பங்கு பற்றிய சந்தேகம் வலுப்படும். அது தெரிவதற்கு முன்னால் "பொட்டாசியம் நல்லதாமே" என்று இளநீரும் வாழைப்பழமும் அடுக்க வேண்டாம். டெல்மிசார்டான் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகமும் சற்று பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் மேலே போய்விடும், அது கீழே போவதைவிட ஆபத்து. மருந்து மாற்றினால் இரண்டு வாரத்தில் பிரஷர், பொட்டாசியம், கிரியேட்டினின். ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க வேண்டும், சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் அதற்கு முன் பார்த்தால் பழைய கணக்கும் கலந்து வரும்.

அம்மாவின் அம்லோடிபினுக்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதைத் தொடரட்டும். அந்த மருந்து சர்க்கரையைத் தொடாது. கணுக்கால் வீங்கினால் அது பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவு, சிறுநீரகம் கெட்டுவிட்டதாகப் பயந்து தானாக நிறுத்த வேண்டாம், வீக்கத்தை மருத்துவரிடம் காட்டினால் டோஸைக் குறைப்பார் அல்லது சார்டான் வகை ஒன்றைச் சேர்ப்பார். ஆனால் வீட்டில் ஒருவருக்கு எல்லைக்கோட்டு சுகர், இருவருக்கும் பிரஷர், சமையலும் ஒரே அடுப்பில். அப்பாவுக்கு ரத்தம் எடுக்கும் அன்றே அம்மாவுக்கும் வெறும் வயிற்றில் எடுத்துவிடுங்கள். உங்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தால் நீங்களும்.